கூட்டருகில் அன்று, குளக்கரையில் இன்று

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த பறவைப் புத்தகங்களைப் புரட்டினால் படங்களில் பெரும்பாலானவை கூட்டில் எடுத்தவையாக இருக்கும். குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய், முட்டைமேல் அமர்ந்த ஆள்காட்டி, பொந்தின் வாயில் தொற்றியிருக்கும் மரங்கொத்தி. அன்றைய படக்காரர்களுக்குப் பறவைகளின் குடும்ப வாழ்க்கைமீது தனி மோகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களிடம் இருந்த லென்ஸ் அவ்வளவு தூரம்தான் எட்டியது. ஒரே இடத்துக்குப் பறவை திரும்பத் திரும்ப வந்தே தீரும் என்றால் அது கூடுதான். எனவே கேமராவைக் கூட்டருகே கொண்டுபோய் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் முழுக்கவும் காட்டில் எடுத்த புகைப்படங்களோடு பறவைக் கூடுகளைப் பற்றிய நூல் ஒன்றை 1895-ல் கொண்டுவந்தார்கள். பறவையை ஏமாற்ற ஒரு பொய் மாட்டைச் செய்து அதன் வயிற்றுக்குள் கேமராவோடு நுழைந்துகொண்டவர்கள் அவர்கள். இந்தியாவில் லோதர் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் கூடுகளின் அருகே மறைப்புக் கட்டி உட்கார்ந்து எடுத்த படங்கள் 1949-ல் புத்தகமாயின. இந்த உழைப்பை மட்டமாகப் பேச முடியாது. ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கைப் பறவை கொடுத்தது. வெளிச்சம் விழட்டும் என்று இலையை விலக்கினால் வெயிலும் காக்கையும் சேர்ந்தே உள்ளே வரும்.

அதற்கும் முன்னால் பறவையை அருகில் பார்க்க இருந்த வழி துப்பாக்கி. சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பாடம் செய்து, அலமாரியில் வைத்து இறகை எண்ணினால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் பறவையியல். காங்கிரஸ் பிறந்த 1885-ஆம் ஆண்டிலேயே, அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் தாம் சேர்த்திருந்த ஏறத்தாழ 80,000 பறவைத் தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பறவையைப் பார்த்ததற்கு அன்று ஏற்கத்தக்க சாட்சி பறவையின் சடலம்தான்.

துப்பாக்கி, கூட்டருகே மறைப்பு, இன்று ஒரே லென்ஸில் நெடுந்தூரம் எட்டி, தோள்பையிலும் அடங்கும் சூப்பர்ஜூம் கேமரா. மனிதனுக்கும் பறவைக்கும் நடுவே உள்ள தூரத்தை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு மூன்று காலங்கள் கண்ட மூன்று விடைகள் இவை. இவற்றில் மூன்றாவதைப் பற்றித்தான் தமிழில் அதிகம் பேசவில்லை. விலை உயர்ந்த பெரிய லென்ஸ்காரர்கள் அதை விளையாட்டுப் பொருளாகப் பார்ப்பதும் அதற்கு ஒரு காரணம்.

முப்பத்தாறு படங்களின் காலம்

தமிழ்நாட்டில் காட்டுயிர்ப் படம் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கனத்த கேமராவோடு காடு காடாக நடந்தார். கறுப்பு-வெள்ளையிலேயே கடைசிவரை நின்றார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை பத்தி எழுதினார். அவருடைய படத்தையும் எழுத்தையும் பிரிக்க முடியாது. பத்து நாள் பார்த்தபின் ஒரு படம் என்பது அவர் காலத்து விகிதம். பார்வை நிறைய, படம் கொஞ்சம்.

கிருஷ்ணனைப் போன்ற பொறுமையும் கைத்திறனும் எல்லாருக்கும் வாய்க்காது. மற்றவர்களுக்கு 1980-களிலும் 90-களிலும் என்ன வழி இருந்தது? ஊரில் ஒரு ஸ்டுடியோ. அங்கே ஒரு பிலிம் ரோல், 36 படம். ரோலுக்கு ஒரு விலை, கழுவ ஒரு கூலி, பிரிண்ட் போட இன்னொரு கூலி. ஸ்லைடு என்றால் பெருநகரத்து லேபுக்கு அனுப்பிவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கும். அது மாங்குயில் என்று எடுத்தவர் சத்தியம் செய்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

ஏன் புள்ளி? கணக்கு எளிது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். நூறு மீட்டர் தள்ளி, நீருக்குள் நிற்கும் மரத்தில் ஒரு மீட்டர் உயர மஞ்சள்மூக்கு நாரை. வசதியுள்ள ஒரு பொழுதுபோக்குப் படக்காரரிடம் அன்று இருந்த 200 மி.மீ. லென்ஸில் அந்த நாரை பிலிமில் 2 மி.மீ. உயரம்தான் விழும். பிலிம் கட்டத்தின் உயரம் 24 மி.மீ. கட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நாரை. பெரிய பறவையான நாரைக்கே இந்தக் கதி என்றால் விரல் நீளமுள்ள தேன்சிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டும் லென்ஸ்கள் இருக்கத்தான் செய்தன. 1999-ல் வந்த கேனானின் 600 மி.மீ. லென்ஸ் ஒன்றின் எடை 5 கிலோவுக்கு மேல். அதைத் தாங்க முக்காலி, அதைச் சுமக்க ஆள், ஏற்றிச்செல்ல வண்டி. விலையோ நடுத்தரக் குடும்பம் கனவிலும் நினைக்க முடியாதது. ஆகவே பறவைப் படம் என்பது சில மருத்துவர்கள், சில தொழிலதிபர்கள், பித்துப்பிடித்த சில ஏழைகள் ஆகியோரின் கலையாக இருந்தது.

சின்ன சென்சார் செய்த வேலை

2002-ல் பேனசோனிக் எஃப்இசட்1 என்றொரு கேமரா வந்தது. வெறும் 2 மெகாபிக்சல். ஆனால் 12 மடங்கு ஜூம், பழைய பிலிம் கணக்கில் 420 மி.மீ. எட்டும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஏற்பாடும் உண்டு. பத்து ஆண்டு கழித்து 2012-ல் கேனான் எஸ்எக்ஸ்50 50 மடங்கு ஜூமோடு 1,200 மி.மீ.யைத் தொட்டது. அதன் எடை 600 கிராமுக்குள். 2015-ல் நிக்கான் பி900 83 மடங்கில் 2,000 மி.மீ.; 2018-ல் பி1000 125 மடங்கில் 3,000 மி.மீ. அதே 2018-ல் கேனான் எஸ்எக்ஸ்740 சட்டைப்பையில் போடுகிற அளவில், 300 கிராமில், 960 மி.மீ. தந்தது. நமது நாரை 2,000 மி.மீ.யில் 24 மி.மீ. கட்டத்தில் 20 மி.மீ. உயரத்தை நிறைத்துவிடும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. பி900-இன் லென்ஸ் உண்மையில் 2,000 மி.மீ. கிடையாது, 357 மி.மீ.தான். அதன் பின்னால், பிலிமின் இடத்தில் ஒளியை வாங்கும் சென்சார் மிகச் சிறியது. பிலிம் கட்டத்தின் பரப்பு 864 சதுர மி.மீ. என்றால் இதன் பரப்பு சுமார் 28. பெரிய காட்சியின் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுப்பதால் தூரம் அருகில் வந்ததுபோல் ஆகிறது. லென்ஸ் சிறியதாக, மலிவாக, இலேசாக அமைவதும் இந்தத் துண்டின் புண்ணியம்தான்.

பாவமும் அங்கேதான் இருக்கிறது. முப்பதில் ஒரு பங்கு பரப்பு என்றால் அதில் விழும் வெளிச்சமும் குறைவு. ஜூமை முழுதாக நீட்டினால் துளை எஃப் 6.5, பி1000-இல் எஃப் 8 வரை சுருங்கிவிடும். காலை ஒன்பது மணி வெயிலில் கரையோர முள்செடியில் உட்கார்ந்த பஞ்சுருட்டானை இந்தக் கேமரா அச்சில் போடும் தரத்துக்கு எடுத்துக் கொடுக்கும். அதே பறவை மாலை ஆறு மணிக்கு வேப்பமர நிழலில் இருந்தால் ஒளியுணர்வின் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டிவரும். உடனே இறகின் நுண்கோடுகள் ஈரத்தில் கரைந்த கோலம்போல் குழம்பிவிடும். ஆனைமலைச் சோலைக்காட்டின் இருட்டில் இந்தக் கேமரா கிட்டத்தட்டக் குருடு. வெட்டவெளி, வயல், ஏரி, உப்பளம், கடற்கரை ஆகியவைதான் அதன் ராஜ்ஜியம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி அப்படித்தான் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் மறக்கும் இன்னொன்று காற்று. பள்ளிக்கரணையில் முற்பகல் பதினொரு மணிக்கு, முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கூழைக்கடாவை 2,000 மி.மீ.யில் பாருங்கள். பறவை நெளியும். சூடான தரைக்கு மேல் எழும் காற்று ஒளியை வளைப்பதால் வரும் கானல் அது. எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. நூறு மடங்கு ஜூமைவிட வெயில் ஏறும் முன் கரைக்கு வந்து சேர்வதுதான் படத்துக்கு அதிகம் உதவும்.

பழக வேண்டிய கைவேலையும் உண்டு. முழு ஜூமில் காட்சி அவ்வளவு ஒடுங்கிவிடுவதால் கிளையில் இருக்கும் பறவையைக் கட்டத்துக்குள் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. புதிதாக வாங்கியவர் இலையிலும் வானத்திலும் தேடிக்கொண்டிருக்கும்போதே பறவை போய்விடும். அதற்காகவே எஸ்எக்ஸ்50, பி900 போன்றவற்றில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்திக்கொண்டிருந்தால் ஜூம் பின்வாங்கிக் காட்சி விரியும், விட்டால் பழைய இடத்துக்கே பாயும். பழகியவர்கள் கண்ணால் ஒரு கிளைப் பிரிவையோ காய்ந்த ஓலையையோ அடையாளம் வைத்துக்கொண்டு முதலில் அதைப் பிடிப்பார்கள், அங்கிருந்து பறவைக்கு நகர்வார்கள். பறக்கும் பறவைக்கு இந்தக் கேமராக்கள் சரிப்பட்டு வராது. வட்டமிடும் கரும்பருந்து சிக்கும், பாயும் வல்லூறு சிக்காது. அதற்கு நம் கை காரணமல்ல, குவியம் தேட கேமரா எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம்.

வாங்கிய வீட்டில் பறவைக்கு மட்டும் அது பயன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி ஆண்டுவிழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் பிள்ளையின் முகத்தை எடுக்கலாம். கும்பாபிஷேகத்தன்று தெருவிலிருந்தே கலசத்தில் நீர் விழுவதை எடுக்கலாம். கோபுரத்தின் ஏழாம் நிலையில் ஒளிந்திருக்கும் சுதைச் சிற்பத்தின் மீசையைப் பார்க்கலாம். பௌர்ணமியன்று மொட்டை மாடியிலிருந்து நிலாவின் பள்ளங்களைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரரை வியக்கவைக்கலாம். ஆறு தனித்தனி லென்ஸ் செய்யும் வேலையை ஒரே லென்ஸ் சுமாராகச் செய்தது. சுமார்தான், ஆனால் அது எப்போதும் கையில் இருந்தது.

அழகிலிருந்து சாட்சிக்கு

இவ்வளவும் கருவியின் மாற்றம். இதைவிட ஆழமான மாற்றம், பறவைப் படம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதில் நடந்தது.

பிலிம் காலத்தில் ஒரு படம் சட்டம் போட்டு மாட்டத் தகுந்ததாக இல்லையென்றால் அது குப்பை. இன்று பறவை பார்ப்பவர்கள் ரெக்கார்ட் ஷாட் என்று ஒன்றை எடுக்கிறார்கள். முள்ளுக்குப் பின்னால் பாதி மறைந்த, ஒளி போதாத, யாருக்கும் காட்டத் தோன்றாத படம். ஆனால் அதில் கால் நிறம் தெரிகிறது, புருவக்கோடு தெரிகிறது, அலகின் வளைவு தெரிகிறது. கதிர்க்குருவிகளையும் உள்ளான்களையும் பிரித்தறிய வேறு என்ன வேண்டும்? ஹியூமின் அலமாரியில் தோல் செய்த வேலையை இந்தக் கலங்கலான படம் செய்கிறது. பறவையோ தன்பாட்டுக்குப் பறந்துபோய்விடுகிறது.

இதைப் பெற்றுக்கொள்ள ஓர் இடமும் அதே காலத்தில் உருவானது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் தாம் பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதிவிடலாம். அந்த இடத்துக்கும் பருவத்துக்கும் வழக்கமில்லாத பறவையைச் சொன்னால் தளம் ஆதாரம் கேட்கும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட கேள்விக்கு, சொன்னவரின் புகழ்தான் பதில். பெரிய பெயருள்ளவர் பார்த்தேன் என்றால் ஏற்பார்கள், கல்லூரி மாணவி பார்த்தேன் என்றால் சிரிப்பார்கள். இப்போது அந்த மாணவி படத்தை இணைத்துவிட்டால் போதும். சூப்பர்ஜூம் செய்த சமூக வேலை என்று ஒன்று உண்டென்றால் இதுதான். சொல்கிறவர் யார் என்ற கேள்வியின் கனத்தைக் குறைத்தது.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள், குடும்பத்தோடு வரும் பெண்கள் எனப் பலரும் கழனியோரம் நிற்கிறார்கள். பலருடைய கழுத்தில் தொங்குவது இருநோக்கியும் ஒரு சூப்பர்ஜூமும். முக்காலி இல்லை, உதவியாள் இல்லை, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நின்று, "அதுல என்னா தம்பி தெரியுது? காட்டு பாப்போம்" என்பார். திரையைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம செம்போத்து! கண்ணு இம்புட்டுச் செவப்பா?" என்பார். ஸ்டுடியோவிலிருந்து பிரிண்ட் வரும்வரை காத்திருந்த நாளில் இந்த உரையாடலுக்கு இடமே இல்லை.

இன்னொரு வேலையை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி விடுவது பழைய ஆய்வுமுறை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. வளையத்தில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டுமானால் அதே பறவை மறுபடி வலையில் விழ வேண்டும், அல்லது எங்காவது செத்துக் கிடக்க வேண்டும். இன்று பல உள்ளான்களின் காலில் எழுத்துப் பொறித்த வண்ணப் பட்டைகள் மாட்டுகிறார்கள். மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளின் கழுத்தில் எண்ணிட்ட பட்டை கட்டிவிட்டார்கள். அவை தென்னிந்திய ஏரிகளுக்கு வந்தபோது கரையில் நின்றவர்கள் படமெடுத்துப் படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படித்துச் சொன்னார்கள். பறவையை ஒருமுறை பிடித்தால் போதும், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் தொடாமலே படிக்கலாம்.

தூரம் மிச்சமான பிறகும்

இருந்தும் எல்லாம் நல்லதாகவே முடிந்துவிடவில்லை. எட்டுகிற லென்ஸ் கையில் இருப்பவர் எட்டியே நிற்பார் என்று எதிர்பார்த்தோம். நடைமுறையில் கட்டம் நிறைந்த படத்தைப் பார்த்தவருக்கு அடுத்து கண் மட்டும் நிறைந்த படம் வேண்டும். அரிய பறவை ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தி வாட்ஸாப்பில் பரவிய மறுநாள் அந்தக் குளத்தின் புல்கரை மிதிபட்டுத் தட்டையாகியிருக்கும். போனில் பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பும் ஆண்பறவை இரை தேட வேண்டிய காலை நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவிடும். கூட்டருகே போகக் கூடாது என்ற ஒழுக்கத்தை இன்று பல போட்டிகள் விதியாகவே வைத்திருக்கின்றன. தூரத்தைக் காக்க லென்ஸ் வழி கொடுத்தது, காப்பது ஆளின் வேலையாகவே மிஞ்சியது.

பார்வையும் படமும் இடம் மாறிவிட்டன. கிருஷ்ணனின் விகிதம் தலைகீழானது. இப்போது ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கில் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில்தான் பறவையை முதன்முதலாகப் பார்க்கிறோம். அது என்ன தின்றது, எந்தப் பக்கம் போனது, துணை இருந்ததா என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. குறிப்பேடு எழுதும் பழக்கம் தேய்ந்ததில் கேமராவுக்குப் பங்கு உண்டு.

இந்தக் கருவியின் காலமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் பிரிக்க முடியாத சிறு டிஜிட்டல் கேமராக்கள் 2010-ல் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அது 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆண்டுவிழாவையும் கும்பாபிஷேகத்தையும் செல்போன் எடுத்துக்கொண்டது. வசதியுள்ள பறவைக்காரர்கள் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போய்விட்டார்கள். நடுவில் சூப்பர்ஜூமுக்கு மிச்சமிருப்பது ஒரு குறுகலான இடம். அங்கே புதிதாக வருவதும் குறைவு. 2025-ல் நிக்கான் பி1100 என்று கொண்டுவந்ததுகூட ஏழு ஆண்டுப் பழைய பி1000-ஐச் சிறிது திருத்தியதுதான்.

ஆனாலும் அந்தக் குறுகிய இடத்தை செல்போன் இன்னும் நிரப்பவில்லை. போனின் நீள்லென்ஸ் 240 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் காட்டுவதில் பெரும்பகுதி மென்பொருள் ஊகித்துத் தீட்டுவது. நிலாப் படத்தில் இல்லாத விவரங்களைப் போன் சேர்க்கிறதா என்று 2023-ல் உலகளவில் சர்ச்சை எழுந்தது. நிலாவுக்கு அது வேடிக்கை. பறவைக்கு அப்படி இல்லை. இரண்டு கதிர்க்குருவி இனங்களைப் பிரிப்பது இறக்கையில் ஒரு வெளிறிய கோடுதான் என்னும்போது அந்தக் கோட்டை லென்ஸ் கண்டதா, மென்பொருள் வரைந்ததா என்று தெரியாத படம் சாட்சிக் கூண்டில் நிற்காது. சின்ன சென்சாரின் கலங்கலான படத்துக்கு நேர்மை என்ற ஒரு தகுதி இருக்கிறது. காணாததை அது காணவில்லை என்றே விட்டுவிடும்.

இன்று ஒருவர் சூப்பர்ஜூம் வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இது. சுவரில் மாட்டும் படம் வேண்டுமானால் வேண்டாம். உங்கள் ஊர்க் குளத்துக்கு எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கொஞ்சம் பழையதாகக் கிடைத்தாலும் வாங்குங்கள். 125 மடங்கைத் தேட வேண்டாம், 40 மடங்கே போதும். கேமராவின் தேதியையும் நேரத்தையும் முதலில் சரிசெய்யுங்கள். எடுத்த ஒவ்வொரு படத்தோடும் இடத்தின் பெயரை எழுதிப் பதிவிடுங்கள். இடமும் நாளும் இல்லாத அழகான படம் எடுத்தவருக்கு மட்டுமே சொந்தம். இடமும் நாளும் உள்ள கலங்கலான படம், இன்னும் இருபது ஆண்டு கழித்து அந்தக் குளத்தைப் பற்றி வழக்காட வருகிறவருக்கும் உதவும்.